முட்டுக்குப் பதினாறு நாள்

வாரத்துக்கு எத்தனை நாள் என்று யாரைக் கேட்டாலும் ஏழு என்பார்கள். என் கணினியில் ஆறுதான். ஞாயிற்றுக்கிழமை அங்கே கதவடைத்த கடை மாதிரி மங்கிக் கிடக்கும். எந்த வேலையும் அதற்குள் நுழையாது. தாண்டிக் குதித்துத் திங்கட்கிழமையில் போய் நிற்கும். பத்தொன்பது வருடம் அப்படிப்பட்ட வாரங்களில் வாழ்ந்தவன் நான். வீட்டில் ஞாயிறு வந்தால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியாது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நூலகக் கட்டடத்தில் வாசிப்புக் கூடத்தின் மேல்தளம் விழுந்து ஐந்து பேர் இறந்ததைப் பற்றி உங்கள் விசாரணைக் குழு நூற்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறது. அதில் ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லே இல்லை. சைட் இன்ஜினியர் மீது போட்ட வழக்கில் வருகிற பதினெட்டாம் தேதி தீர்ப்பு. அதற்குள் யாராவது என்னை உட்காரவைத்துக் கேட்பீர்கள் என்று பதினான்கு மாதம் காத்திருந்தேன். கேட்கவில்லை. அதனால் நானே வந்தேன்.

நான் பிளானர். கட்டடத்தின் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வேலைகளுக்கும் எது எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிய வேண்டும், எதற்குப் பின் எது என்று கணினியில் கோத்துவைப்பது என் வேலை. ஒவ்வொரு வேலையும் திரையில் ஒரு நீலப் பட்டை. பேஸ்லைன் என்றால் என்ன என்று உங்கள் நிபுணர் ஒருவர் நீதிமன்றத்தில் அரை மணி நேரம் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த டைப்பிஸ்ட்டின் முகத்தைப் பார்த்தால் பரிதாபமாக இருந்தது. நான் சுருக்கமாகச் சொல்கிறேன். திட்டத்துக்கு எல்லாரும் தலையாட்டிய அன்று, அதிலுள்ள எல்லாத் தேதிகளையும் ஒரு படம் பிடித்து உள்ளே வைத்துக்கொள்வதுதான் பேஸ்லைன். பிறகு வேலை இழுக்க இழுக்க நீலப் பட்டை தள்ளிப்போகும். அதன் அடியில் அந்தப் பழைய தேதிகள் சாம்பல் நிறப் பட்டையாக நகராமல் நிற்கும். கல்யாண போட்டோவைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தது போல. இரண்டையும் ஒரு பார்வை பார்த்தாலே போதும், எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

சைட் இன்ஜினியரை எல்லாரும் முட்டு சார் என்பார்கள். கான்கிரீட் போட்ட தளம் இறுகும் வரை அடியில் நின்று தாங்குகிற இரும்புக் கால்களுக்குத்தான் முட்டு என்று பெயர். எந்த முட்டையும் சொன்ன நாளுக்கு முன்னால் எடுக்க விடமாட்டார். நான் அவருக்கு வைத்த பெயர் முட்டுக்கட்டை. ஆட்கள் அதில் கட்டையைத் துப்பிவிட்டு, முட்டை மட்டும் மரியாதையோடு வைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு அவர் என்னை ஜோசியர் என்றார். அந்தப் பெயரை யாரும் சுருக்கவில்லை.

பேஸ்லைன் போடுகிற அன்று என் மேஜைக்கு வந்தார். பூட்ஸில் சிமென்ட் அப்பியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு உள்ளே வரும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ஜோசியரே, வாசிப்புக் கூடத்துக்கு முட்டு எத்தனை நாள் போட்டீங்க?"

"நீங்க சொன்ன இருபத்தொண்ணு."

"தூணே இல்லாத கூடம். மேல செங்கல் வேற ஏத்துவாங்க. ஒரு நாள் குறைஞ்சாலும் நான் பொறுப்பில்ல. அப்புறம் மழை வந்துச்சு, மாமியார் வந்தாங்கன்னு மாத்தக் கூடாது."

"பேஸ்லைன் போட்டாச்சுன்னா யாராலயும் மாத்த முடியாது சார்."

"அப்போ சரி," என்று எழுந்து போனார்.

அவர் நம்பினார். கான்கிரீட்டை நம்பாதவர், கம்பியை நம்பாதவர், மேஸ்திரி கட்டிய முடிச்சை ஆட்டிப்பார்க்காமல் போகாதவர், நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தட்டிப்பார்க்காமல் எடுத்துக்கொண்டார். பேஸ்லைனை மாற்றலாம். ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். முன்பு சேமித்தது இருக்கிறது, அதன்மேல் எழுதவா என்று கேட்கும். ஆமாம் என்றால் எழுதிவிடும். நாணயமான பிளானர்கள் முதல் படத்தைத் தொடாமல் இரண்டாவதற்கு வேறு இடம் தேடுவார்கள். மென்பொருள் மொத்தம் பதினொரு இடம் கொடுத்திருக்கிறது. பதினொன்றும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. இருபத்தொன்று என்று தட்டினேன். கணினி ஞாயிறுகளைத் தாண்டி எண்ணி, கடைசித் தேதியை இருபத்து நான்காம் நாளில் கொண்டுபோய் வைத்தது. கான்கிரீட்டுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. அது பாட்டுக்கு இறுகிக்கொண்டிருக்கும். இந்தத் தப்பைப் புதிதாக வந்தவர்கள் தெரியாமல் செய்வார்கள். நான் தெரிந்தே அப்படியே விட்டேன். யாருக்கும் தெரியாத மூன்று நாள் கையிருப்பாக இருந்தால் நல்லதுதானே. சுவரில் ஒட்டிய தாளில் இருபத்து நான்கு நின்றது. முட்டு சார் அதைப் பார்க்கவே இல்லை. "எண்ணுறதுக்கு எனக்கு விரல் இருக்கு," என்பார்.

பிறகு தாமதம் வந்தது. துருப்பிடித்த கம்பி என்று ஒரு லாரியை வாசலோடு திருப்பி அனுப்பினார். எல்லாக் கம்பியும் துருப்பிடிக்கும். அது இரும்பின் சுபாவம். புதுக் கம்பி வந்து, கட்டி, கான்கிரீட் போட்டு முடித்தபோது என் நீலப் பட்டைகள் சாம்பலிலிருந்து எட்டு நாள் தள்ளி நின்றன. ஒவ்வொரு திங்கட்கிழமைக் கூட்டத்திலும் அந்த எட்டு நாளை நான்தான் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். லாரியைத் திருப்பியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

"என்ன ஜோசியரே, இந்த வாரமும் நம்ம ஜாதகத்துல சனியா?"

எல்லாரும் சிரிப்பார்கள். மேலாளரும் சிரிப்பார். மேலாளரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குனியச் சொன்னால் தவழ்கிற மனிதர். நூலகக் குழு மாதாந்தரப் பார்வைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டு, தொலைந்த சாவியைத் தேடச் சொல்வது போலச் சொன்னார்.

"அந்த எட்டு நாள் எங்கயாவது கிடைக்குதான்னு பாருங்களேன்."

அன்று மத்தியானமே மூன்று நாளை எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிறுகளைக் கணக்கில் சேர்த்து இருபத்து நான்கை இருபத்தொன்றாக்கியிருந்தேன். அது நியாயமான திருத்தம். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. பத்தொன்பது வருட அனுபவம் உள்ளவனால் மட்டுமே அதைச் செய்ய முடியும். அவர் தாளைப் பார்த்தார்.

"மூணுதானா?"

அவ்வளவுதான் சொன்னார். மிச்சம் ஐந்தையும் கொடுத்தேன். இருபத்தொன்று பதினாறாயிற்று.

என்னால் வேறு இடத்தில் எடுத்திருக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். வண்ணம் பூசுவதில் ஆறு நாள் சும்மா கிடந்தது. கதவு மாட்டுவதில் நான்கு. அவற்றைத் தொட்டிருந்தால் வண்ணக்காரனும் தச்சனும் வந்து கெஞ்சியிருப்பார்கள், நானும் விட்டுக்கொடுத்திருப்பேன். முட்டு சார் கெஞ்சுகிறவர் இல்லை. அதனால் முட்டிலேயே எடுத்தேன்.

அவர் அப்போது ஊரில் இல்லை. மனைவிக்கு அறுவைச் சிகிச்சை. கான்கிரீட் போட்ட எட்டாம் நாள் விடுப்பில் போனார், இருபதாம் நாள் திரும்புவார். "இருபத்தொண்ணாம் நாள் நானே கூட நின்னு பிரிப்பேன், அதுவரைக்கும் கூடத்துப் பக்கம் யாரும் போகாதீங்க," என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனார். பதினாறாம் நாள் அவருடைய விடுப்புக்கு நடுவில் விழுகிறது என்பதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். தேதிகளைக் கவனிப்பது என் தொழில்.

நாளைக் குறைத்தால் மட்டும் போதாது. அடியில் பழைய சாம்பல் பட்டை நீளமாக நீட்டிக்கொண்டு நிற்கும். சின்னப் பிள்ளைகூடக் கேட்கும், இது ஏன் குட்டையாச்சு என்று. ஆகவே பேஸ்லைனைத் திரும்பப் போட்டேன். அதன்மேல் எழுதவா என்றது. எழுது என்றேன். நீலத்தின் அடியில் சாம்பல், மூடி போட்டாற்போலப் பொருந்திக்கொண்டது. மொத்தத் தாமதம் என்ற இடத்தில் சுழி வந்தது. அந்தச் சுழியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புதுத் தாளை எடுத்து, ஒன்றைச் சைட் ஆபீஸ் சுவரில் ஒட்டினேன், ஒன்றை மேஸ்திரி கையில் கொடுத்தேன். நூலகக் குழு வந்து பார்த்துவிட்டு மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கியது. என் கையை யாரும் குலுக்கவில்லை. ஒருவர் மட்டும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார்.

பதினாறாம் நாள் காலை பத்து நாற்பதுக்குத் தளம் இறங்கியது. பாதி முட்டுகளைப் பிரித்திருந்தார்கள். மேலே செங்கல் அடுக்கியிருந்தது. மேஸ்திரி, பிரிக்கிற ஆட்கள் மூன்று பேர், தண்ணீர் கொண்டுவந்த பெண் ஒருத்தி. சத்தம் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிதாக இல்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு, எல்லாரும் இடிபாட்டைச் சுற்றி நின்றபோது, அலுவலகம் காலியாக இருந்தது. பதினாறை முதலில் இருந்தபடி இருபத்து நான்காக்கி, பேஸ்லைனை மூன்றாவது முறை போட்டேன். சுவரில் இருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டினேன். மேலாளர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் குடித்துவிட்டு வெளியே போனார். அதன்பின் இன்று வரை அதைப்பற்றி அவர் ஒரு சொல் பேசியதில்லை. கண்டும் காணாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

மேஸ்திரி கையில் கொடுத்த தாள் அவர் சட்டைப் பையில் மடித்தபடி இருந்திருக்க வேண்டும். யாரும் விரித்துப் பார்க்கவில்லை. துணிமணிகளோடு சேர்த்து அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். கேட்டால் இப்போதும் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் குழு என் கோப்பை நகல் எடுத்துக்கொண்டு போனது. நான்கு நிபுணர்கள். பட்டைகளை வண்ணத்தில் அச்சடித்தார்கள், ஸ்கேல் வைத்து அளந்தார்கள். பேஸ்லைன் போடுகிற அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்தால், கடைசியாகச் சேமித்த தேதி அதிலேயே எழுதியிருக்கும். தளம் விழுந்த தேதி. திறக்க இரண்டு சொடுக்கு போதும். பதினான்கு மாதம் அது அங்கேயே, உங்கள் பீரோவிலேயே, வெயிலில் வைத்த விளக்காக இருந்திருக்கிறது. திட்டத்தில் இருபத்து நான்கு நாள் தாராளமாக ஒதுக்கியிருந்தும் பதினாறாம் நாளே பிரிக்கச் சொன்னது சைட் இன்ஜினியரின் அவசரம் என்று எழுதிவைத்தீர்கள். அன்று காலை அவர் மேஸ்திரிக்குப் போன் செய்து நான்கு நிமிடம் பேசியிருக்கிறார். அதில்தான் உத்தரவு போனது என்றீர்கள். போனில் பேசிய இருவரில் ஒருவர் செத்துவிட்டார். மற்றவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். அவர் சொல்வதை யார் கேட்பார்கள்?

அவர் மனைவி ஒருமுறை என்னைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்தார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. நாற்காலி போட்டேன்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் பக்கத்துலதான் தம்பி படுத்திருந்தேன். 'நான் வர்ற வரைக்கும் தொடாதே'ன்னு இவர் சொன்னது என் காதுல விழுந்துச்சு. பெண்டாட்டி சொன்னா கோர்ட்டுல எடுபடாதாம். அங்க சைட்டுல வேற யார்கிட்டயாவது அந்த மேஸ்திரி சொல்லியிருப்பாரா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாதும்மா. நான் ஆபீஸ்ல இருக்கறவன்."

"இவர் உங்களைப் பத்திச் சொல்லுவார். கிண்டல் பண்ணுவேன், ஆனா ஆள் கணக்குல கெட்டின்னு."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரை முந்தானையால் துடைத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கணக்கில் கெட்டி. அதை அவர் ஒரு நாளாவது கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்கலாம்.

நீங்கள் பரிதாபத்தை எதிர்பார்க்கிறீர்கள். அந்த அம்மாவைப் பார்த்து மனம் இளகி இங்கே வந்தேன் என்று எழுதினால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் தண்டனையில் சில வருடங்கள் குறையும். ஆனால் அந்த அம்மா வந்துபோய் ஐந்து மாதமாகிறது. நான் வந்திருப்பது இன்று.

போன வாரம்தான் உங்கள் அறிக்கையின் முழுப் பிரதி என் கைக்கு வந்தது. என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. விடைத்தாள் திருத்துகிறவள் ஆதலால் எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாள். நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டினாள்.

"இங்க பாருங்க, உங்களைப் பத்தி ஒரே ஒரு வரி. 'அட்டவணையைப் பராமரித்தவர் மற்றவர்கள் கொடுத்த தேதிகளைப் பதிவு செய்த எழுத்தர் மட்டுமே. அவருக்கு இதில் பங்கு எதுவும் இல்லை.' அப்பாடா."

"எழுத்தர்னா போட்டிருக்கான்?"

"என்ன போட்டா என்னங்க? தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். இந்தப் பதினாலு மாசமா நான் சோறு இறங்காம கிடந்தேன்."

"எழுத்தர்."

"ஏங்க, உங்க மேல தப்பில்லைன்னு எழுதியிருக்காங்க. சந்தோஷப்படாம முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கீங்க?"

அவளுக்கு விளக்கிப் பயனில்லை. உங்களுக்கு விளக்குகிறேன். மற்றவர்கள் கொடுத்த தேதிகளை நான் பதிவு செய்யவில்லை. பதினாறு என்ற எண்ணை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. மேலாளர் கொடுக்கவில்லை, முட்டு சார் கொடுக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் நூற்றெண்பது பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் எவன் எந்த நாள் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்தது நான் ஒருவன். தளத்தை இறக்கியது செங்கல் இல்லை, கம்பி இல்லை, யாருடைய அவசரமும் இல்லை. அதை எழுத்தர் ஒருவரால் செய்துவிட முடியுமா? கிறுக்குத்தனம். அறிக்கை தப்பாக இருக்கிறது. தப்பாக இருக்கிற ஆவணத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் சுபாவம் அப்படி. உண்மைக்காகத்தான் வந்திருக்கிறேன்.

ஆகவே இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். இதற்கு உங்கள் பீரோவில் சாட்சி கிடையாது.

அன்று காலை பத்து மணிக்கு நான் கூடத்தின் வாசலில் இருந்தேன். புகைப்படம் எடுக்கப் போயிருந்தேன். மேஸ்திரி கையில் போனோடு என்னை நோக்கி வந்தார்.

"சார், நல்ல வேளை வந்தீங்க. இப்பதான் முட்டு சார் பேசினாரு. அவர் வர்ற வரைக்கும் கூடத்து முட்டைத் தொடாதேங்கிறாரு. நாலு தடவை சொல்றாரு. நீங்க குடுத்த தாள்ல பாத்தா இன்னைக்குத் தேதி போட்டிருக்கு. ஆளுங்க வேற வந்து நிக்கிறாங்க. நான் என்ன சார் பண்ணட்டும்?"

தாளை விரித்துக் காட்டினார். என் பட்டை, என் தேதி. அவர் விரல் நகத்தில் காரை படிந்திருந்தது. அதே விரலால் பதினாறாம் நாளைத் தொட்டுக்கொண்டு நின்றார். நான் இல்லை என்று சொல்லியிருந்தால் நான்கு பட்டைகள் மறுபடி தள்ளிப்போயிருக்கும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று ஐந்து என்று வாசித்திருப்பேன். வேறொன்றும் ஆகியிருக்காது.

"முட்டு சார் லீவுல இருக்காரு," என்றேன். "தாள் லீவுல இல்லையே."

மேஸ்திரி சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்தார் போல. "அதுவும் சரிதான் சார்," என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, பிரிக்கலாம் என்று ஆட்களுக்குக் கை காட்டினார். தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் அவர் பின்னால் போனாள். நான் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன். எதற்காக அவ்வளவு தள்ளி நின்றேன் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: பதினாறு நாள் போதாது என்று எனக்குத் தெரியும்.

முட்டு சாரை விடுவதும் விடாததும் உங்கள் பாடு. நான் கேட்பது திருத்தம் மட்டும். நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் பிளானர் என்று போடுங்கள். நூற்றிரண்டாம் பக்கத்தில் வேலை எட்டு நாள் பிந்தியிருந்தது என்று ஒரு வரி இருக்கிறது, அதையும் அடித்துவிடுங்கள். அன்று காலை பத்து நாற்பது வரைக்கும் நாங்கள் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை.